டாக்டர் அமிர்தவல்லியும் ஊதாக் கோடுகளும்

முப்பது வருடத்துக்கு மேல் மற்றவர்களைப் படுக்கச் சொன்ன மேசையில் இந்த வருடம் நானே ஏறிப் படுத்தேன். கருப்பையில் கட்டி. அறுவை சிகிச்சை முடிந்து, கதிர்சிகிச்சைக்கு எழுதிவிட்டார்கள். பழைய ஊழியர் ஆயிற்றே, வரிசையில் முன்னால் விடுவார்கள் என்று ஓர் ஆசை இருந்தது. விடவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் நம்பர் சீட்டைப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் போலத்தான் உட்கார்ந்திருந்தேன்.

முதல் நாள் என்னை மேசையில் கிடத்திய பெண்ணுக்கு என் மகளை விட வயது குறைவு. பெயர் ஷர்மினி. நான் செய்த அதே வேலையைத்தான் இன்று அவள் செய்கிறாள். கூரையிலிருந்து ஏதோ ஓர் ஒளி என் வயிற்றின் மேல் ஓடியது. நான் பழக்கதோஷத்தில் கேட்டேன்: "மை போடலையாம்மா?"

"மையா? என்ன மை ஆன்டி?"

"கோடு போடற மை. ஊதா கலர்ல."

"இப்போ லைன் எல்லாம் இல்ல ஆன்டி. மூணு சின்ன புள்ளி, மத்ததை கேமரா பார்த்துக்கும்." பிறகு, நான் யார் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும், கொஞ்சம் வெட்கத்தோடு, "அந்தக் காலத்துல எப்படி செஞ்சீங்கன்னு எழுதிக் குடுங்களேன் ஆன்டி. எங்க வாட்ஸ்அப் குரூப்ல போடறேன்" என்றாள்.

வாட்ஸ்அப் குரூப்பில் போடுவதற்கு இது கொஞ்சம் நீளம்தான். ஆனால் அந்தப் புள்ளிகள் எங்கள் பிரிவுக்கு எப்படி வந்தன என்பதைச் சொல்ல வேண்டுமானால் டாக்டர் அமிர்தவல்லியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

என் கதையைச் சுருக்கிவிடுகிறேன். கிள்ளானில் பிறந்து, ஐந்தாம் படிவத்தோடு பள்ளிப் படிப்பை முடித்து, ஆஸ்பத்திரி வேலை என்றால் நர்ஸ் வேலைதான் என்று நினைத்து விண்ணப்பம் போட்டு, எக்ஸ்ரே, கதிர் இயந்திரங்களை இயக்கும் ரேடியோகிராபர் பயிற்சியில் போய் விழுந்தவள் நான். பயிற்சி, தேர்வு, கல்யாணம், பிரிக்பீல்ட்ஸில் வாடகை வீடு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கோலாலம்பூரின் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கதிர்சிகிச்சைப் பிரிவில் சேர்ந்தேன். அங்கே ஒரு கோபால்ட் இயந்திரம் இருந்தது. அதன் தலைக்குள் கதிரியக்கப் பொருள் ஈயக் கவசத்துக்குள் இருக்கும். சுவிட்சைத் தட்டினால் அது முன்னால் வந்து கதிரைப் பாய்ச்சும், நேரம் முடிந்ததும் பின்னால் போய்விடும். அந்த நேரத்தைக் கணக்கிட்டுக் கொடுக்க அப்போது எங்களிடம் தனியாக ஆள் கிடையாது. வெளியிலிருந்து எப்போதாவது ஒருவர் வந்து அளந்துவிட்டு அட்டவணை கொடுத்துவிட்டுப் போவார். நாங்கள் அதைப் பார்த்துப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தோம்.

அப்படி இருந்த இடத்துக்குத்தான் முதல் முழுநேர இயற்பியலாளராக டாக்டர் அமிர்தவல்லி வந்தார்.

நான் எதிர்பார்த்தது நரைத்த தலையுடன் ஓர் ஆண். வந்தவர் என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். வெளிர் நீலப் பருத்திச் சேலை, காலில் ரப்பர் செருப்பு, கையில் மீன் தொட்டி மாதிரி ஒரு கண்ணாடித் தொட்டி. எனக்கு முதல் பார்வையிலேயே பிடிக்கவில்லை. நேற்று வந்த பெண் நமக்கு வந்து சொல்வதா என்கிற எண்ணம்தான், வேறென்ன. ஆனால் அவர் என்னை முதல் நாளே "அக்கா" என்று கூப்பிட்டுவிட்டார். அக்கா என்று கூப்பிடுகிறவரிடம் எவ்வளவு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்க முடியும்?

அவரும் பிரிக்பீல்ட்ஸ்காரர்தான். ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். அப்பா ரயில்வேயில் சிக்னல் பழுது பார்ப்பவர். சிக்னல் சரியாக விழவில்லை என்றால் என்ன ஆகும் என்பதைச் சோற்றுத் தட்டுக்கு முன்னால் கேட்டுக் கேட்டு வளர்ந்ததாகச் சொல்வார். இயற்பியல் படித்து, வெளிநாடு போய் மேல்படிப்புப் படித்து, மருத்துவத்தில் இயற்பியலைப் பயன்படுத்தும் துறையில் டாக்டர் பட்டம் வாங்கித் திரும்பினார். பல்கலைக்கழகத்தில் வேலை தயாராக இருந்தது. அதை விட்டுவிட்டு எங்களிடம் வந்தார். எங்கள் ஆஸ்பத்திரியில் அப்படி ஒரு பதவி உண்டு என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. உட்கார அறை இல்லை. ஈயக் கட்டிகள் அடுக்கி வைத்திருந்த ஸ்டோரை ஒதுக்கிக் கொடுத்தார்கள். பிசிசிஸ்ட் என்றால் பிசியோதெரபிஸ்ட் என்று நினைத்து, பக்கவாதம் வந்த கிழவரை வார்டிலிருந்து தள்ளுவண்டியில் அனுப்பி, உடற்பயிற்சி சொல்லிக் கொடுங்கள் என்றார்கள் ஒரு தடவை. அவர் கோபப்படவில்லை. கிழவருக்குச் சூடாக ஒரு கப் மைலோ வாங்கிக் கொடுத்து, சரியான அறைக்குத் தானே தள்ளிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தார்.

அந்தத் தொட்டி மீனுக்கு இல்லை. மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால், தொட்டியில் தண்ணீர் நிரப்பி அதற்குள் அளவுக் கருவியை வைத்து இயந்திரம் எவ்வளவு கதிர் தருகிறது என்று பார்ப்பார். குழாயிலிருந்து பிடித்த தண்ணீரை அப்படியே பயன்படுத்த மாட்டார். தண்ணீரும் அறையும் ஒரே வெப்பத்துக்கு வர வேண்டும். அதனால் முதல் நாள் சாயங்காலமே நிரப்பி வைத்துவிட்டுப் போவார். மறுநாள் காலை வந்து பார்த்தால் தொட்டி காலியாக, துடைத்துக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். இரண்டு மூன்று தடவை இப்படி நடந்தது. பிறகுதான் தெரிந்தது, துப்புரவு வேலை செய்த காக் ரொஹானாவின், அதாவது ரொஹானா அக்காவின், கைங்கரியம். டிங்கி காய்ச்சல் பரவிக்கொண்டிருந்த நேரம். தேங்கிய தண்ணீர் எங்கே இருந்தாலும் கொட்டு என்று உத்தரவு. அவர் உத்தரவைத் தவறாமல் நிறைவேற்றிக்கொண்டிருந்தார்.

வேறு யாராக இருந்தாலும் மேலே புகார் போயிருக்கும். டாக்டர் அமிர்தவல்லி காக் ரொஹானாவை உள்ளே கூப்பிட்டு, தண்ணீருக்குள் கருவி வைப்பதைக் காட்டி, அரை மணி நேரம் மலாயில் விளக்கினார். மறுநாளிலிருந்து தொட்டிக்குக் காக் ரொஹானாவே மூடி போட்டு, மேலே ஒரு துண்டையும் விரித்துவிட்டுப் போனார். சுகாதார அதிகாரி சோதனைக்கு வந்தபோது அவரைத் தொட்டியின் பக்கத்தில் விடவில்லை என்று கேள்வி.

அவருடைய மேசையில் காற்றழுத்தம் பார்க்கும் கருவி ஒன்றும் இருந்தது. அதுவும் கணக்குக்கு வேண்டும். எங்களுக்கு அது வேறு விதத்தில் உதவியது. துணி காயப் போட்டுவிட்டு வந்த நாளில், "டாக்டர், மழை வருமா?" என்று கேட்போம். அவரும் கருவியைப் பார்த்துவிட்டு முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு, "உங்க வீட்டுக்கு மட்டும் வரும் அக்கா" என்பார்.

வேலை என்று வந்தால் மட்டும் விளையாட்டு கிடையாது. ஒரு நோயாளிக்கு எவ்வளவு நேரம் கதிர் பாய்ச்ச வேண்டும் என்பதை இரண்டு பேர் கணக்கிட வேண்டும் என்று வைத்தார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், முதுகைத் திருப்பி உட்கார்ந்து. முடித்ததும் விடையைச் சொல்லக் கூடாது, இரண்டு தாள்களையும் அவரிடம் கொடுத்துவிட வேண்டும். "ஒருத்தர் போட்டதை இன்னொருத்தர் பார்த்தா கண்ணு அதையேதான் பார்க்கும்" என்பார். எங்களுக்கு இதெல்லாம் பள்ளிக்கூடப் பரீட்சை மாதிரி இருந்தது. உள்ளுக்குள் முனகிக்கொண்டேதான் செய்தோம்.

இனி அந்த ஊதாக் கோடுகள்.

கதிர் விழ வேண்டிய இடத்தை நோயாளியின் தோலில் கோடு போட்டுத்தான் குறிப்போம். ஊதா மை, ஒரு மெல்லிய குச்சி, அவ்வளவுதான். வாரக் கணக்கில் தினமும் வருவார்கள், தினமும் அந்தக் கோட்டை வைத்துத்தான் இயந்திரத்தின் ஒளியைப் பொருத்துவோம். ஆகவே கோடு அழியக் கூடாது. ஆகவே அந்த இடத்தில் தண்ணீர் படக் கூடாது. நம் ஊர் வெயிலில் ஒன்றரை மாதம் மார்பில் தண்ணீர் ஊற்றாமல் இருந்து பாருங்கள், தெரியும். எங்கள் நோயாளிகளுக்கு உள்ளாடை, தலையணை உறை, கைத்துண்டு எல்லாமே ஊதா.

கோடு அழிந்து வந்தால் மறுபடி அளந்து, மறுபடி படம் எடுத்து, மறுபடி போட வேண்டும். அரை நாள் போய்விடும். வெளியே வரிசை நீளும். அதனால் எங்கள் தலைமை ரேடியோகிராபர் லூர்து அம்மா கோட்டு விஷயத்தில் கறாராக இருப்பார். காத்திருக்கும் இடத்தில் நான்கு மொழிகளில் பலகை எழுதி மாட்டியிருந்தார். "கோட்டை அழித்தால் சிகிச்சை இல்லை." அழித்துக்கொண்டு யாராவது வந்துவிட்டால் அவர் போடுகிற சத்தம் மாடி வரைக்கும் கேட்கும். கெட்டவர் இல்லை. நோயாளி செத்தால் கழிவறையில் போய் அழுதுவிட்டு வருகிறவர். ஆனால் வாய்க்கு எல்லோரும் நடுங்குவோம், நோயாளிகள் மட்டுமல்ல, நாங்களும்.

"அந்த போர்டு எனக்குப் பிடிக்கல அக்கா" என்று டாக்டர் அமிர்தவல்லி என்னிடம் ஒரு முறை சொன்னார். அதை லூர்து அம்மாவிடம் போய்ச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. டாக்டர் என்ன செய்தார் என்றால், கோட்டோடு ஓர் அளவையும் சேர்த்தார். கழுத்துக்குக் கீழே இரண்டு காறை எலும்பும் சேரும் இடத்தில் ஒரு குழி இருக்கிறதல்லவா, அங்கிருந்து மேல் கோடு எவ்வளவு தூரம் என்று அளந்து குறித்து வைத்துக்கொள்வார். திங்கட்கிழமை தோறும் தானே வந்து மறுபடி அளப்பார். "மை நகரும் அக்கா. எலும்பு நகராது." இதற்கும் முனகினோம்.

தனபாக்கியம் என்று ஒருவர் கிள்ளானுக்குப் பக்கத்து மேருவிலிருந்து வந்துகொண்டிருந்தார். நாற்பதைத் தொட்ட வயது, மூன்று பிள்ளைகள், கையுறைத் தொழிற்சாலையில் வேலை. இடது மார்பை எடுத்துவிட்டார்கள். அந்தத் தழும்பு முழுவதையும் சேர்த்துக் கதிர் கொடுக்க வேண்டும், நோய் திரும்பி வந்தால் அங்கேதான் முதலில் வரும். கணவர் மாணிக்கம் கிள்ளானில் கடைகளுக்கு போர்டு எழுதுபவர். தினமும் மனைவியை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட்டுவிட்டு, வெளியே நின்று எங்கள் சுவரில் உள்ள எழுத்துகளை எல்லாம் உதட்டைப் பிதுக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

தைப்பூசத்துக்கு முந்தின வாரம் தனபாக்கியம் லூர்து அம்மாவிடம் மெல்லக் கேட்டார்: "மிஸ்ஸி, பத்துமலை முருகனுக்குப் பால்குடம் நேந்திருக்கேன். ஆத்துல தலை முழுகிட்டுதான் எடுக்கணும். ஒரு நாள்தான்…"

லூர்து அம்மாவின் பதிலை இங்கே எழுத வேண்டாம். தனபாக்கியம் முகம் சுண்டி, "சரிங்க மிஸ்ஸி, வீட்லயே கும்பிட்டுக்கறேன்" என்று போய்விட்டார்.

தைப்பூச விடுமுறை முடிந்து வந்தபோது அவர் மார்பில் கோடுகள் பளிச்சென்று இருந்தன. அன்று மேசையில் அவரைக் கிடத்தியவர்களில் நானும் ஒருத்தி. லூர்து அம்மா புதுப்பித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டோம். போய்க் கேட்கலாம்தான். கேட்டால், உனக்கு அது கூடவா தெரியாது என்று ஆரம்பிப்பார். யாரும் கேட்கவில்லை. அன்றும் மறுநாளும் சிகிச்சை நடந்தது.

திங்கட்கிழமை டாக்டர் அமிர்தவல்லி அளவு நாடாவோடு வந்தார். தனபாக்கியத்தின் மேல் குனிந்தார். அளக்கவே இல்லை, அப்படியே நின்றார்.

"அக்கா, இந்தக் கோட்டை யார் போட்டா?"

"லூர்து அம்மாவா இருக்கும் டாக்டர்."

"நம்ம ஆளுங்க யாரும் இவ்வளவு நேரா போட மாட்டாங்களே" என்றார் மெதுவாக. உண்மைதான். எங்கள் கோடுகள் தோலின் மேடு பள்ளத்துக்கு ஏற்ப நெளிந்து கிடக்கும். இது ஸ்கேல் வைத்து இழுத்தது போல் இருந்தது. மூலைகள் கச்சிதமாகச் சேர்ந்திருந்தன. பிறகு அளந்தார். கோடு இரண்டு விரல் அகலம் மேலே ஏறியிருந்தது.

தனபாக்கியம் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணிலிருந்து நீர் காது வரைக்கும் இறங்கியது.

வெளியே நின்ற மாணிக்கத்தை உள்ளே அழைத்தோம். அவர்தான் போட்டார். மனைவி வேண்டுதலை விட முடியாது என்று அழுதிருக்கிறார். இவர் முதல் நாளே, அவரைப் படுக்க வைத்துக் கோடுகளைத் தோள்பட்டை எலும்பிலிருந்து நாடாவால் அளந்து வைத்துக்கொண்டார். வாய்ப்புண்ணுக்குத் தடவும் ஊதா மருந்து எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும், எங்கள் மையும் அதுவும் ஒன்றுதான். குளித்து, பால்குடம் எடுத்து, வீட்டுக்கு வந்ததும் மனைவியை நாற்காலியில் உட்கார வைத்து, அளந்தபடியே போட்டுவிட்டார். மெல்லிய தூரிகை, முப்பது வருடக் கை.

"அளவு கரெக்டா போட்டேன் டாக்டர். ஒரு நூல் கூட தப்பல" என்றார். பயத்தில் உதடு காய்ந்திருந்தது.

லூர்து அம்மா வாயைத் திறக்கப் போனார். டாக்டர் அமிர்தவல்லி அவர் கையை லேசாகத் தொட்டார், அவ்வளவுதான். பிறகு மாணிக்கத்தைச் சட்டையைக் கழற்றச் சொன்னார். கையைத் தொங்கவிட்டு நிற்க வைத்து, அவர் விலாப் பக்கம் ஒரு கோடு இழுத்து, தோளிலிருந்து அளந்து காட்டினார். இப்போது மேசையில் படுத்துக் கையைத் தலைக்கு மேலே தூக்குங்கள் என்றார். கோடு அவர் கண்ணெதிரே ஏறியது. படுத்தபடி எடுத்த அளவை உட்கார்ந்தபடி போட்டால் இப்படித்தான் தப்பும் என்றார்.

மாணிக்கம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "செவுரு நகராது டாக்டர். அதான் எனக்குத் தெரியல" என்றார்.

இரண்டு நாள் கதிரில் தழும்பின் அடிப்பகுதிக்குப் போய்ச் சேர வேண்டியது சேரவில்லை. மேலே, தேவையில்லாத இடத்தில் விழுந்திருக்கிறது. அதைத் திருத்த முடியும். கணக்குப் போட்டுப் பார்த்து, விடுபட்டதை மட்டும் தனியாகக் கொடுத்து ஈடுகட்டலாம். அப்படியே கண்டுபிடிக்காமல் கடைசி வரை போயிருந்தால் நோயைத் திரும்பக் கூப்பிட்டுக் கதவைத் திறந்து வைத்தது மாதிரி ஆகியிருக்கும். டாக்டர் அமிர்தவல்லி அன்று சாப்பாட்டுக்கும் போகாமல் கணக்குப் போட்டார். பிறகு எங்களில் இருவரை முதுகைத் திருப்பி உட்கார வைத்து, தனித்தனியாக அதே கணக்கைப் போட வைத்தார். அன்றைக்கு யாரும் முனகவில்லை.

அடுத்து நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் மறக்காதது. பிரிவின் தலைமை மருத்துவர் அறைக்குத் தாள்களைக் கொண்டுபோனோம். அவர் பார்த்துவிட்டு, "குட். இதையே செய்ங்க. அந்தம்மாகிட்ட எதுவும் விவரமா சொல்ல வேணாம். பயந்து வராம போயிடும்" என்றார்.

"சொல்லணும் டாக்டர்" என்றார் இவர்.

"ஏன்? சரி பண்ணியாச்சே."

"நாம இன்னிக்கு மறைச்சா, நாளைக்கு அவங்க மறைப்பாங்க. அவங்க மறைச்சதாலதானே இது ஆச்சு. ஏன் மறைச்சாங்க? நம்ம போர்டைப் பார்த்துதான்."

குரல் உயரவில்லை. தலைமை மருத்துவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், வெகுநேரம் துடைத்தார். "அப்ப நீங்களே சொல்லுங்க. வராம போனா நீங்கதான் பொறுப்பு" என்றார்.

சொன்னார். தனபாக்கியத்தின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, எது விடுபட்டது, எதை எப்படிச் சரி செய்யப் போகிறோம் என்று ஒன்று விடாமல் சொன்னார். தனபாக்கியம் எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. தலைமை மருத்துவர் எங்கள் கதவைத் தாண்டிப் போகும்போதெல்லாம் காலி நாற்காலியைப் பார்த்துவிட்டுப் போனார். டாக்டர் அமிர்தவல்லி தொட்டியில் தண்ணீர் நிரப்ப மறந்துபோனார். அவர் மறந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

வேலை முடிந்ததும், "அக்கா, மேருவுக்கு வர்றீங்களா?" என்றார். அவருடைய பழைய சின்னக் காரில் போனோம். ஃபெடரல் ஹைவே வழக்கம்போல ஜாம். எனக்குக் கோபம்தான். சொல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பெண் இந்நேரம் வந்து படுத்து எழுந்து போயிருப்பாளே என்று. ஷா ஆலம் தாண்டியதும் வாயைவிட்டுச் சொல்லியும்விட்டேன். அவர் ரோட்டைப் பார்த்தபடியே, "எனக்கும் அப்படித்தான் தோணுது அக்கா. ரெண்டு நாளா தூக்கமே வரல" என்றார். அதற்குப் பிறகு என் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

வீட்டு வாசலில் பெயின்ட் டின்கள். ஏதோ மினி மார்க்கெட்டுக்கான போர்டு பாதி எழுதிக் கிடந்தது. மாணிக்கம் எங்களைப் பார்த்ததும் தூரிகையைக் கீழே போட்டுவிட்டு, "நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்துட்டேன் டாக்டர். கேட்க மாட்டேங்கறா" என்றார். தனபாக்கியம் அடுப்படியிலிருந்து வந்தார். உட்காரச் சொன்னார், தேத்தண்ணி கலக்கிக் கொண்டுவந்து வைத்தார். அதெல்லாம் குறைவில்லாமல் செய்தார். பிறகு சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார்.

"முருகனுக்குன்னு நேந்துகிட்டு குளிச்சேன் டாக்டர். அந்தக் குளியலாலேயே வைத்தியம் கெட்டுப் போச்சு. இனிமே நான் எந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடறது? விட்டுடுங்க. நடக்கறது நடக்கட்டும்."

டாக்டர் அமிர்தவல்லி கோப்பையைக் கீழே வைத்தார்.

"நீங்க குளிச்சதால எதுவும் கெடலக்கா" என்றார். அவர் ஒரு நோயாளியை அக்கா என்று கூப்பிட்டு நான் அன்றுதான் கேட்டேன். "குளிக்காதீங்கன்னு போர்டு போட்டோம். ஒரு மனுஷி ஒன்றரை மாசம் எப்படிக் குளிக்காம இருப்பான்னு நாங்க யோசிக்கல. நீங்க வந்து கேட்டப்ப, குளிங்க, நாங்க மறுபடி போட்டுத் தர்றோம்னு சொல்லியிருக்கணும். சொல்லல. தப்பு எங்க மேல. அதுக்கு நீங்க உங்களைத் தண்டிச்சுக்கறீங்க."

தனபாக்கியம் அழுதார். சத்தமில்லாமல், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. மாணிக்கம் வெளியே போய் டின்களை இங்குமங்கும் நகர்த்தினார்.

"இனிமே உங்களுக்குக் கோடே வேணாம்" என்றார் டாக்டர். "நான் படிச்ச ஊர்ல பச்சை குத்துவாங்க. ஊசி முனையளவு, மூணே புள்ளி. அழியாது. அதை வெச்சே நாங்க பொருத்திக்குவோம்."

"பச்சையா?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "போகாதுல்ல? அப்போ தினமும் தண்ணி ஊத்திக்கலாமா?"

"ஊத்திக்கலாம். சோப்பு மட்டும் வேணாம். தேய்க்கவும் கூடாது."

"இதை மொதல்லயே செஞ்சிருக்கலாம்லா டாக்டர்" என்றார் தனபாக்கியம். டாக்டர் அமிர்தவல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்.

மறுநாள் காலை நாங்கள் பசியாறிவிட்டு வருவதற்குள் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலையில் ஈரம் காயவில்லை. எங்கள் பிரிவில் முதன்முதலில் புள்ளி வைக்கப்பட்டது அவருக்குத்தான். சிகிச்சையை முழுதாக முடித்தார். அப்புறம் வருடா வருடம் பரிசோதனைக்கு வந்துகொண்டிருந்தார். நான் ஓய்வு பெற்ற வருடமும் வந்திருந்தார். பேரப்பிள்ளையைக் காட்டினார்.

மாணிக்கம் சும்மா இருக்கவில்லை. சிகிச்சை முடிந்த வாரம் ஒரு புதிய போர்டை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். நான்கு மொழிகளில், அழகென்றால் அப்படி ஓர் அழகு. வாசகம் டாக்டர் அமிர்தவல்லி சொல்லிக் கொடுத்தது. "கோடு அழிந்துவிட்டதா? ஏதாவது மாறிவிட்டதா? சொல்லுங்கள். யாரும் திட்ட மாட்டார்கள்." லூர்து அம்மா அதை நின்று படித்தார். மறுபடி படித்தார். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, தன் கையாலேயே பழையதைக் கழற்றினார். "என்னையேதான் எழுதி வெச்சிருக்கான்" என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகு சொல்ல ஆரம்பித்தார்கள். கோடு அழிந்தது, மாத்திரை சாப்பிட மறந்தது, மேசையில் இருமியது, அசைந்தது எல்லாவற்றையும். நாங்களும் சொல்ல ஆரம்பித்தோம். எனக்கு இந்தக் கணக்கில் சந்தேகம், நேற்று நான் பார்த்தது சரியா என்று. அறிவு வளர்ந்துவிட்டதென்று சொல்ல மாட்டேன், பயம் குறைந்தது. டாக்டர் அமிர்தவல்லியிடம் வேலை கற்றவர்கள் செலாயாங் பக்கம், கிள்ளான் பக்கம் என்று பல இடங்களுக்குப் போனார்கள். அவர் ஓய்வு பெற்றபோது பெரிய விழா எதுவும் இல்லை. தொட்டியைத் தனக்குப் பிறகு வந்தவரிடம் கொடுத்து, தண்ணீரை முதல் நாளே நிரப்பி வைக்கச் சொல்லிவிட்டுப் போனார். சில வருடங்களுக்கு முன் தூக்கத்திலேயே போய்விட்டார். சவ ஊர்வலத்தில் முன்னால் நடந்தவர்களில் நரைத்த தாடியுடன் மாணிக்கமும் இருந்தார். எனக்கு அன்று அழுகை வரவில்லை. அது எங்கேயோ போய் உட்கார்ந்திருந்தது போல.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். என் சிகிச்சைக்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். அது நிறைந்திருந்தால்தான் குடல் கதிரின் வழியிலிருந்து ஒதுங்கும். முன்கூட்டியே தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு உட்கார வேண்டும். மற்றவர்களுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். சொல்வது சுலபம். போன வாரம் ஒருநாள் இயந்திரம் கொஞ்சம் தாமதமானது. என்னால் முடியவில்லை. யாரும் பார்க்காத நேரம் கழிவறைக்குப் போய் வந்துவிட்டேன். வந்து உட்கார்ந்த நிமிடமே என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

"தண்ணி குடிச்சு அடக்கி வெச்சிருக்கீங்களா ஆன்டி?" என்றாள் ஷர்மினி.

ஆமாம் என்று சொல்ல வாய் தயாராகிவிட்டது. படம் எடுத்துப் பார்க்கும் நாளும் அது இல்லை. வெளியே வரிசை நிற்கிறது, நான் இங்கேயே வேலை செய்தவள், இது கூடத் தெரியாதா என்று நினைத்துவிடுவார்களே என்கிற வெட்கம் வேறு. தனபாக்கியம் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

"இல்லம்மா" என்றேன். "முடியல. இப்பத்தான் போயிட்டு வந்தேன்."

அவள் என் கையைப் பிடித்தாள். "பரவால்ல ஆன்டி. சொன்னீங்களே, அது போதும். இங்க யாரும் திட்ட மாட்டாங்க." பாட்டிலைத் திறந்து கையில் கொடுத்தாள். "மெதுவா குடிங்க. அடுத்தவங்களை முன்னாடி அனுப்பிடறேன்."

குரல் கூட உயரவில்லை. பழைய கட்டடத்தை இடித்தபோது மாணிக்கத்தின் போர்டும் போய்விட்டது. இந்தப் பெண் அதைப் பார்த்திருக்க வழியில்லை.

"இப்படிச் சொல்ல உனக்கு யாரும்மா சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டேன்.

"இங்க எல்லாரும் இப்படித்தான் சொல்வோம் ஆன்டி. யாரு ஆரம்பிச்சதுன்னு தெரியல."

எனக்குத் தெரியும் என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. வாய் நிறையத் தண்ணீர். அன்றைக்கு வராத அழுகையும் அப்போதுதான் வந்தது. அவள் பயந்துபோய் நர்ஸைக் கூப்பிட ஓடினாள்.

அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன், ஷர்மினி. ஆரம்பித்தவர் பெயர் டாக்டர் அமிர்தவல்லி. உங்கள் குரூப்பில் எல்லோருக்கும் சொல்லிவிடு.